சில்வர் ஏன் வெள்ளியாகவில்லை?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம், சுருக்கமாக:

"எங்கள் வீட்டில் 14 மாத யார்க்ஷயர் டெரியர் பெண் நாய் இருக்கிறது. இரண்டு மாதக் குட்டியாக 40,000 ரூபாய் கொடுத்து ஒரு கென்னலில் வாங்கினோம். அப்போது கருகருவென்று இருந்தது. 'வளர வளர முதுகு வெள்ளி மாதிரி ஆயிடும், மூஞ்சி தங்கம் மாதிரி ஆயிடும்' என்றார்கள். அதை நம்பிப் பிள்ளைகள் சில்வர் என்று பேர் வைத்தார்கள். முகமும் காலும் பழுப்பாகிவிட்டன. முதுகு இன்றைக்கும் கரிக்கட்டைதான். முடி படத்தில் பார்ப்பதுபோல வழுக்கி விழாமல் பஞ்சு மாதிரி புசுபுசுவென்று நிற்கிறது. ஒரு நாள் சீவாவிட்டால் சிக்கு. நுனி செம்பட்டை. நெஞ்சில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு. பார்க்கிறவர்கள் எல்லாம் 'இது கிராஸ், ஏமாந்துட்டீங்க' என்கிறார்கள். மொட்டை அடித்தால் நல்ல முடி வரும் என்கிறார் ஒருவர். பச்சை முட்டை கொடுங்கள் என்கிறார் இன்னொருவர். மாமியார் தினமும் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறார். ஒரு ஈற்று குட்டி எடுத்தால் போட்ட பணம் வந்துவிடும் என்றும் சொல்கிறார். இரண்டு மாதமாகக் காது நுனியில் முடி கொட்டித் தோல் கருத்திருக்கிறது. இது அசல்தானா? நிறம் இனி மாறுமா? பி.கு.: சின்னவளுக்குக் கையில் வட்டமாக ஒரு அரிப்பு. அது வேறு விஷயம், மருந்துக்கடையில் க்ரீம் வாங்கித் தடவுகிறோம்."

சகோதரிக்கு,

பின்குறிப்பில் எழுதியதை வேறு விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். நாய்க்குக் காது நுனியில் முடி கொட்டுகிறது. அதைத் தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளைக்குக் கையில் வட்டமாக அரிப்பு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கால்நடை மருத்துவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது படர்தாமரை. உங்கள் பக்கத்தில் வட்டச்சொறி என்பார்கள். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்று ஒரு பூஞ்சை. பூனையிடமும் நாயிடமும் இருந்து மனிதருக்குத் தொற்றும். யார்க்ஷயர் டெரியர் அதற்குச் சுலபமாக இடம் கொடுக்கிற ஜாதி.

அதற்காக, நாய்தான் கொடுத்தது என்று இப்போதே தீர்ப்பு எழுதிவிடவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளையிடமிருந்தும், ஒரே துண்டை நாலு பேர் எடுத்துத் துடைப்பதிலும் வரும். பிள்ளையை இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் நாய் இருக்கிறது, அதற்கும் முடி கொட்டுகிறது என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த க்ரீமை நிறுத்திவிடுங்கள். அரிப்பு என்றதும் கடையில் எடுத்து நீட்டுகிற ட்யூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு குறையும். பூஞ்சைக்கு அது விருந்து. வட்டத்தின் ஓரம் மங்கி, என்னவென்று அடையாளம் தெரியாதபடி பரவும். அப்புறம் மருத்துவருக்கே கண்டுபிடிக்கச் சிரமம்.

இனி சில்வரின் காது. கடிதத்தை வைத்துக்கொண்டு நோய்க்குப் பேர் வைக்க நான் தயாரில்லை. ஆனால் மேசைமேல் ஏற்றியதும் என்ன பார்ப்பேன் என்று சொல்லலாம். முதலில் வெளிச்சத்தில் காதை விரித்துப் பார்ப்பேன். முடி வேரோடு போயிருக்கிறதா, பாதியில் முறிந்து குச்சி குச்சியாக நிற்கிறதா என்று. முறிந்த குச்சி முடியும், சாம்பல் தூவினாற்போலச் செதிலும், ஒரு காதில் அதிகம் ஒரு காதில் குறைவு என்ற ஏறுமாறும் இருந்தால் பூஞ்சைமேல் சந்தேகம் வலுக்கும். அறையை இருட்டாக்கி ஊட்ஸ் விளக்கு என்கிற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பேன். தொற்றிய முடி பச்சைப் பாசி நிறத்தில் ஒளிரும். ஒளிராவிட்டால் பூஞ்சை இல்லை என்று அர்த்தமாகாது, ஒளிராத வகைகளும் உண்டு. அதனால் பிரிக்காத புது டூத் பிரஷ் ஒன்றை எடுத்துக் காதையும் சுற்றியுள்ள முடியையும் நன்றாகத் தேய்த்து, பிரஷில் ஒட்டியதைக் கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவோம். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். கூடவே தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் டெமோடெக்ஸ் என்ற சொறிப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இளவயது நாயில் முடி கொட்டினால் இந்தச் சுரண்டலைத் தவிர்க்கவே கூடாது.

இவை எல்லாம் இல்லை என்று வந்தால் இன்னொன்று இருக்கிறது. இந்த ஜாதிக்கே உரியது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள், இரண்டு காதிலும் ஒரே மாதிரி, சில நாய்க்கு மூக்குத் தண்டிலும் முடி மெல்ல உதிர்ந்து, தோல் கருத்துப் பளபளவென்று ஆகிவிடும். தொட்டால் புதுச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அரிக்காது, வலிக்காது, செதில் இருக்காது. ஆங்கிலத்தில் இதற்குப் பேச்சு வழக்கில் 'தோல் காது' என்றே பேர். பரம்பரையில் வருவதாகத்தான் கருதுகிறோம். நிச்சயமான மருந்து கிடையாது. சில நாய்க்கு முடி தானாகத் திரும்பும், பலவற்றுக்குத் திரும்பாது. நாய் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 14 மாதம், காது நுனி, கருத்த தோல் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதற்கும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் பிள்ளையின் அரிப்புக்கும் நாய்க்கும் சம்பந்தம் இல்லாமலும் போகலாம். ஆனால் அதைப் பரிசோதித்துவிட்டுத்தான் சொல்லவேண்டும். அதுவரை சில்வர் பிள்ளைகள் படுக்கையில் ஏறவேண்டாம். அது படுக்கும் துணியைத் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். உதிர்ந்த முடியைத் துடைப்பத்தால் பறக்கவிடாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பூஞ்சை வித்துகள் உதிர்ந்த முடியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சரி, நீங்கள் இரண்டு பக்கம் எழுதிய நிறத்துக்கு வருகிறேன்.

யார்க்ஷயர் டெரியர் (சுருக்கமாக யார்க்கி) குட்டி பொதுவாகக் கருப்பும் பழுப்புமாகத்தான் பிறக்கும். பார்த்தால் டாபர்மேன் குட்டியைச் சுருக்கிவிட்டதுபோல இருக்கும். வளரும்போது நடப்பதை நம் பாஷையில் சொன்னால் இளநரை. கருப்பு முடி உதிர்ந்து அதே துளையிலிருந்து வருகிற அடுத்த முடி சாயம் குறைந்து வருகிறது. தலையிலும் காலிலும் பழுப்புக்கு நடுவே கலந்திருக்கிற கருப்பு முடிகள் மறைந்து பழுப்பு தெளிகிறது. முதுகில் கருப்பு, நீலம் கலந்த எஃகு நிறமாகிறது. ஆறாவது மாதத்தில் தொடங்கி இரண்டு வயது, சில நாய்க்கு மூன்று வயதுவரைகூட இது நடந்துகொண்டிருக்கும். ஆகவே 14 மாதத்தில் முதுகு கருப்பாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள். காலை வெயிலில், வாசல் படியில் சில்வரை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகு நடுவில், தோள்பட்டைக்கும் வாலுக்கும் இடையே, முடியைச் சீப்பின் முனையால் வகிடு எடுத்து இரண்டு பக்கமும் விலக்குங்கள். தோலை ஒட்டிய அரை அங்குலத்தை மட்டும் பாருங்கள். நுனி பழைய கதை, போன வருஷத்துக் கதை. இப்போது என்ன நடக்கிறது என்பது வேரில் தெரியும். வேரில் சாம்பல் கலந்து, பழைய அலாரம் கடிகாரத்தின் சுருள் கம்பி மாதிரி ஒரு நீலச் சாயல் தெரிந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருங்கள். வேரும் நுனியும் ஒரே மைக் கருப்பு என்றால், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டரை வயதுக்கு மேலும் அதே கருப்பு என்றால் அது கருப்பு நாய். அவ்வளவுதான். நரைக்கும் குணம் அதற்குக் கிடைக்கவில்லை. அப்படி நரைக்காமலே இருந்துவிடும் சுத்தமான யார்க்கிகளும் உண்டு. அவற்றுக்குப் பெரும்பாலும் உங்கள் சில்வரைப் போலவே பஞ்சு முடியும் சேர்ந்தே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. சித்தூரிலிருந்து ஒரு பெரியவர் ஒன்பது மாத நாயைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார். முதுகு கன்னங்கரேல். யாரும் கேட்காமலே, "இது கிராஸுங்க, உங்களை ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவைத்தேன். மனிதர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் வந்து, கூடையிலிருந்து நாயை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். தோளிலிருந்து வால்வரை சாணை பிடித்த கத்தி நிறம். அன்றைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. பில் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு முடியைப் பார்த்து ஜாதி சொல்வதை விட்டுவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை. கென்னல்காரர் உங்களுக்கு வாக்குக் கொடுத்த வெள்ளி நிறமே, இந்த ஜாதி எப்படி இருக்கவேண்டும் என்று கென்னல் கிளப்புகள் எழுதிவைத்திருக்கிற இலக்கணப்படி தப்பு. முதுகு 'அடர்ந்த எஃகு நீலம்' என்றுதான் இருக்கவேண்டும், 'வெள்ளி நீலம் கூடாது' என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. சில்வர் நிஜமாகவே வெள்ளியாகியிருந்தால் நாய்க் கண்காட்சி நடுவர் அதற்கும் மதிப்பெண் குறைத்திருப்பார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெரிய நாய் நீலமாக மாறுவது வேறு, குட்டி பிறக்கும்போதே நீலச் சாம்பலாக இருப்பது வேறு. பின்னது நரை இல்லை. முடிக்குள் சாயம் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாக நிற்கிற ஒரு மரபுக் கோளாறு. இப்படிப் பிறந்த யார்க்கிகளுக்குச் சில மாதத்தில் முடி முறிந்து உதிர்ந்து, தோல் வறண்டு, அடிக்கடி சீழ்க் கொப்புளம் வரும். 'அபூர்வ நீலக் குட்டி' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் சில்வர் கருப்பாகப் பிறந்தவள். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

அபூர்வ நிறம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாக்லேட், முழுத் தங்கம், வெள்ளைத் திட்டு என்றெல்லாம் யார்க்கியில் பிறப்பது உண்டு. சாக்லேட் குட்டிக்கு மூக்கும் கண் விளிம்பும்கூடப் பழுப்பாக இருக்கும், கருப்பு இருக்கவே இருக்காது. இவை ஒடுங்கிய மரபணுக்கள். தாய் தகப்பன் இரண்டிடமும் மறைந்திருந்து குட்டியில் சேரும்போது வெளியே வரும். ஜெர்மனியில் வெர்னர் பீவர், கெர்ட்ரூட் பீவர் என்ற தம்பதியின் வீட்டில் 1984 ஜனவரியில் இரண்டு சாதாரண யார்க்கிகளுக்கு நீலம், வெள்ளை, தங்கம் மூன்றும் கலந்த ஒரு குட்டி பிறந்தது. அவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. அந்த நிறத்தையே பிடித்து வளர்த்தார்கள். இன்று அது பீவர் டெரியர் என்று தனி ஜாதி. அமெரிக்கன் கென்னல் கிளப் 2021இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே கிளப் யார்க்ஷயர் டெரியர் என்ற பேரில் நீலம், பழுப்பு தவிர வேறு நிறம் கண்காட்சியில் நின்றால் 2007 முதல் தகுதிநீக்கம் செய்கிறது. வெள்ளைக்கு ஒரே சலுகை, நெஞ்சில் ஓர் அங்குலத்துக்கு மிகாத பொட்டு. உங்கள் சில்வரின் பொட்டு சின்னது என்கிறீர்கள். அதைக் காட்டி கிராஸ் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

முடியின் தன்மைக்கு வருவோம். உங்கள் மாமியாருக்கு இது ஒரு நொடியில் புரியும். பட்டுப்புடவையைத் தொட்டால் சில்லென்று இருக்கும், பருத்திப் புடவையைத் தொட்டால் அந்தக் குளிர்ச்சி இருக்காது. நல்ல யார்க்கி முடி பட்டு. கையில் எடுத்தால் குளிரும், விட்டால் வழுக்கி விழும், தூசி தங்காது. பஞ்சு முடி அதற்கு நேர் எதிர். ஒன்றோடொன்று பிணையும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உண்ணியை ஒளித்து வைக்கும். மனிதருக்குச் சுருட்டை முடி, நீட்டு முடி என்பதுபோல இதுவும் பிறப்பு. நாய்களின் முடி நீளம், மீசை தாடி, சுருள் மூன்றையும் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் ஓர் ஆய்வு 'சயன்ஸ்' இதழில் வந்தது. பிறப்பில் வந்ததை முட்டையாலும் எண்ணெயாலும் திருத்த முடியாது. இந்த ஜாதியை உருவாக்கியவர்களே நெசவு ஊர்க்காரர்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கம்பளி மில் பகுதியில், நம் கோயம்புத்தூர் மாதிரியான ஊர்களில், எலி பிடிக்க வளர்த்த நாய். 1865இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயைத்தான் இந்த ஜாதிக்குத் தகப்பன் என்கிறார்கள். இந்த முடி தறியிலிருந்து இறங்கியது என்று அந்தக் காலத்தில் கிண்டல் உண்டாம். பட்டுக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது. அப்படியும் எல்லாக் குட்டிக்கும் பட்டு வாய்க்காது.

மொட்டை அடிக்கும் யோசனை. அடித்தால் பஞ்சு பட்டாகாது. ஆனால் கேடும் இல்லை. பொமரேனியனை மழித்தால் முடி திரும்ப வராமல் போகிற ஆபத்து உண்டு, அதற்கு அடிமுடி என்று இன்னோர் அடுக்கு இருக்கிறது. யார்க்கிக்கு ஒற்றை அடுக்குதான். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலுக்கு ஓர் அங்குலம் விட்டுக் கத்தரித்துவிடுவது நல்லதுதான் என்பேன். சவரம் செய்ததுபோல ஒட்டிவிடாதீர்கள், வெயில் தோலைச் சுடும். காதுப் பரிசோதனை முடியும்வரை பார்லருக்குக் கொண்டுபோகவேண்டாம். பூஞ்சை இருந்தால் அவர்கள் கத்தரிக்கோல் வழியாக அடுத்த நாய்க்குப் போகும்.

பச்சை முட்டை கொடுக்காதீர்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம், தோலுக்கும் முடிக்கும் தேவையான பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும். முடிக்காகக் கொடுத்து முடிக்கான சத்தையே பறிக்கிற வேலை. வேகவைத்த முட்டை வாரத்துக்கு இரண்டு மூன்று தாராளம்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் உங்கள் மாமியாரிடம் பேசுவது உங்கள் சாமர்த்தியம். கேரள எல்லை தாண்டினால் எண்ணெய் தேய்க்காத தலை இல்லை என்று எனக்கும் தெரியும். பஞ்சு முடியில் எண்ணெய் தேய்த்தால் வீட்டுத் தூசி முழுக்க அதில் ஒட்டிச் சிக்கு இறுகும். எண்ணெய்ப் பசையில் ஈஸ்ட் பெருகித் தோல் நாறும். நாய் நக்கி நக்கி வயிறு கலங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் பூசிய காதில் செதில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. என்னிடம் வருவதற்கு முன் ஐந்து நாளாவது எண்ணெய் படாமல் இருக்கட்டும்.

செம்பட்டை நுனிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று வெயிலும் காற்றும். மார்கழியிலிருந்து மாசிவரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற வறண்ட காற்றில் நம் தலைமுடியே சருகாகிறது. வேர் கருப்பு, நுனி மட்டும் சிவப்பு என்றால் பெரும்பாலும் இதுதான். கவலை வேண்டாம். இன்னொன்று தீனி. கருப்புச் சாயம் தயாரிக்க உடம்புக்குப் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற சத்தும் கொஞ்சம் செம்பும் வேண்டும். தயிர்சாதமும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடுகிற நாய்க்குக் கருப்பு முடி வேரிலிருந்தே சிவந்து வரும். வேரும் சிவப்பாக இருந்தால் அடுத்த கடிதத்தில் தினமும் என்ன தீனி என்று நேரம் போட்டு எழுதுங்கள். நாய்க்கென்று தயாரித்த நல்ல உணவோ, சோற்றைக் குறைத்து வேகவைத்த கோழி, மீன், முட்டையோ கொடுத்தால் சில மாதங்களில் புது முடியில் தெரியும். நீங்கள் நாயின் எடையை எழுதவில்லை. வளர்ச்சி குறைவு, சாப்பிட்டதும் மந்தமாகச் சுவரை முறைத்து நிற்பது, அடிக்கடி வாந்தி என்று ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். யார்க்கியில் பிறவியிலேயே கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகிற ரத்தக்குழாய்க் கோளாறு அதிகம். அப்படிப்பட்ட நாய்க்கு முடியும் நன்றாக இருக்காது.

சிக்கு எடுப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். காய்ந்த முடியில் சீப்பை விடாதீர்கள், முறியும். சிக்கோடு குளிப்பாட்டவும் செய்யாதீர்கள், ஈரத்தில் சிக்கு நனைந்த கயிற்று முடிச்சு மாதிரி இறுகும். ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் நாய்க் கண்டிஷனர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி லேசாகத் தெளியுங்கள். கெட்டிச் சிக்கு என்றால் தெளிக்காமல் கார்ன் ஃப்ளவர் மாவைத் தூவி, விரலால் உருட்டிப் பிரித்தால் இழை இழையாக விடும். பிறகு ஸ்டீல் சீப்பு. நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறவேண்டும். இன்னொரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது, நாயும் கடிக்காது. அக்குள், காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டை உரசுகிற இடம், இந்த மூன்றையும் தினமும் பாருங்கள். மற்ற இடத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு குளியல், நாய் ஷாம்பு மட்டும். உச்சிக் குடுமியைப் பிள்ளைகள் இறுக்கி ரப்பர் பேண்ட் போடுகிறார்கள் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். இழுத்துக் கட்டிக் கட்டி அந்த இடம் நிரந்தர வழுக்கையான நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

அசலா என்ற கேள்விக்கு முடி சாட்சி சொல்லாது. காகிதம் சொல்லும், ஓரளவு உடம்பும் சொல்லும். கே.சி.ஐ. என்கிற இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழ் கொடுத்தார்களா? அதில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் தோளுக்குள் ஸ்கேனரில் தெரிகிற எண்ணும் ஒன்றுதானா? தாய் தகப்பனை நேரில் பார்த்தீர்களா? இவை மூன்றும் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். எதுவும் இல்லை என்றால் ஜாதிக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. வளர்ந்த யார்க்கி சுமார் மூன்று கிலோ இருக்கும், காது சின்னதாக நிமிர்ந்து நிற்கும். ஆறேழு கிலோவும் தொங்கும் காதும் என்றால் ஷிட்சூ, லாசா மாதிரி வேறு சின்ன ஜாதி நாய் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. விற்றவரிடம் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. நிறம் மாறவில்லை என்று சண்டைக்குப் போனால், "இன்னும் ஒரு வருஷம் பாருங்க" என்பார். சொல்லப்போனால் அதில் தப்பும் இல்லை.

குட்டி எடுக்கும் யோசனையை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மூன்று கிலோ நாய்க்குப் பிரசவம் விளையாட்டில்லை, சிசேரியன் ஆகிவிட்டால் போட்ட பணத்தோடு இன்னும் கொஞ்சம் போகும், சில நேரம் நாயே போய்விடும். காது முடி உதிர்வது பரம்பரை என்றால் அதைக் குட்டிகளுக்கும் கொடுப்போம். பஞ்சு முடிக் கருப்புக் குட்டியை யாரிடம், என்ன சொல்லி விற்பீர்கள்? 'வளர வளர வெள்ளி ஆயிடும்' என்றா? கருத்தடை செய்துவிடுவது நல்லது. செய்தபின் முடி இன்னும் கொஞ்சம் புசுபுசுவென்று ஆகலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

முதலில் பிள்ளையைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொண்டு சில்வரைக் கொண்டுவாருங்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி இவ்வளவு தூரம் வருவது சிரமம் என்றால் உங்கள் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையிலேயே தோல் சுரண்டிப் பார்ப்பார்கள். கல்ச்சருக்கும், தேவைப்பட்டால் தோல் துணுக்கு எடுத்துப் பார்ப்பதற்கும் திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குப் போகலாம். எங்கே போனாலும் சீவுகிற சீப்பை ஒரு கவரில் போட்டுக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒட்டியிருக்கிற முடியை உதறிவிடாதீர்கள், எங்களுக்கு அது வேண்டும்.